கலப்பை தானாக எழும்புவது ஏன்?

தோட்டத்தில் டிராக்டர் என்றால் கொழுந்து ஏற்றும் பெட்டிதான் நம் ஞாபகத்துக்கு வரும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், அதே டிராக்டர்தான் வயல் உழுகிறது. பெரும்போக உழவுக்கு அங்கே சாரதி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் கேட்பது இதுதான்: "லீவரைத் தொடவே இல்லை. கலப்பை தானாக எழும்புது, இறங்குது. மெசின் பழுதா?"

பழுதில்லை. விளக்கத்தைப் பார்ப்போம்.

டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு கை, மேலே ஒரு கை உண்டு. கீழ்க்கைகள் கலப்பையை இழுக்கும். மண் இறுகிக் கொழுவைப் பிடித்தால், கலப்பையின் மேற்பக்கம் முன்னே சாய்ந்து மேல்கையைத் தள்ளும். மெசி பேர்குசன் 135 போன்ற மெசின்களில் அந்தக் கை ஒரு பெரிய ஸ்பிரிங்கை அமுக்கும். உடனே எண்ணெய் வால்வு திறந்து கலப்பை சற்று உயரும். மண் இளகினால் அமுக்கம் குறையும். கலப்பை மறுபடி இறங்கும். கலப்பையின் பாரமும் பின்சக்கரத்துக்கு வருவதால் சக்கரம் வழுக்குவது குறையும்.

அயர்லாந்துக்காரரான ஹரி பேர்குசன் கண்ட முறை இது. 1939இல் ஹென்றி போர்டின் டிராக்டரில் வந்தது. முந்தைய மெசின்களில் கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் முன்பக்கம் கிளம்பி, சாரதி மேலேயே டிராக்டர் கவிழ்வதுண்டு.

ஒன்றை மனதில் வையுங்கள். இந்த முறை ஒரே அளவாக வைத்திருப்பது இழுவையைத்தான், ஆழத்தை அல்ல. ஒரே வயலில் களியும் மணலும் கலந்திருந்தால், இறுகிய இடத்தில் உழவு மேலாகப் போகும், மணலில் ஆழமாக இறங்கும். நிலம் மேடுபள்ளமாகி, விதைத்த நெல்லும் ஒன்றுபோல முளைக்காது. ஆகவே:

1. முதல் இரண்டு சால் உழுததும் நிறுத்தி இறங்கி, குச்சியால் ஆழத்தை நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள்.

2. மிக இளகிய மண்ணிலும் சேற்று உழவிலும், கலப்பையை ஒரே உயரத்தில் பிடிக்கும் மற்ற லீவரைப் பாவியுங்கள்.

3. கலப்பையை நிலத்தில் இறக்கி, என்ஜினை நிறுத்தாமல் அதன் கீழே கை வைக்காதீர்கள்.

4. புதைந்த எதையும் இழுக்கும்போது, மேல்கை பூட்டும் இடத்திலோ அச்சிலோ சங்கிலி கட்டவே கூடாது. கீழே உள்ள இழுவைச் சட்டத்தில்தான் கட்ட வேண்டும். மேலே கட்டினால் பேர்குசனின் ஏற்பாடு நம்மைக் காப்பாற்றாது. சாரதி கிளச்சை மிதிப்பதற்குள் டிராக்டர் பின்னால் புரண்டுவிடும்.

நாலாவது புத்தி வயலுக்கு மட்டுமல்ல. மழைக்காலத்தில் நம் தோட்டத்து ரோட்டில் கொழுந்துப் பெட்டி புதைந்தாலும் இதேதான். சங்கிலி கட்டுமுன் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளைத் தூரப் போகச் சொல்லுங்கள். வீட்டில் சாரதி இருந்தால் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.