கொல்லையில் பழ ஈ: பொறியை மாட்டினால் மட்டும் போதாது

ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்துக் கொல்லைகளில் மாவும் கொய்யாவும் பழுக்கும் பருவத்தில் ஒரே புகார்தான். பழம் வெளியே நன்றாக இருக்கிறது. அறுத்தால் வெள்ளைப் புழு துள்ளுகிறது. தோலை உற்றுப் பார்த்தால் ஊசி குத்தியது போன்ற புள்ளி தெரியும். பெண் ஈ முட்டையை உள்ளே செலுத்திய இடம் அது.

சமையலறைப் பழத்தட்டில் மொய்க்கும் குட்டி ஈ இதுவல்ல. பழ ஈ வீட்டு ஈயின் அளவில், மார்பில் மஞ்சள் கோடுகளோடு, பார்வைக்குக் குளவி மாதிரி இருக்கும். இந்தப் பூச்சிகளைக் காரணம் காட்டித்தான் 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தோடு பாகற்காய், புடலங்காயையும் தடுத்தது.

கண்டுபிடிக்கப் பொறி வேண்டும். அதில் வைக்கும் வாசனைக் கவர்ச்சிப் பொருள் மாவுக்கும் கொய்யாவுக்கும் மெத்தில் யூஜினால். பாகல், புடலை, பீர்க்குப் பந்தலுக்குக் கியூலூர். மாமரத்துக்கு வாங்கியதையே பந்தலிலும் மாட்டிவிட்டு ‘ஒன்றுமே விழவில்லை’ என்பவர்கள் நிறையப் பேர். பிஞ்சுப் பருவத்திலேயே, நிழலில், ஆள் உயரத்தில் மாட்ட வேண்டும். பழைய குறிப்புகளில் வரும் டைக்குளோர்வாஸ் பூச்சிக்கொல்லியைத் தேட வேண்டாம். 2020 இறுதியோடு அது தடை செய்யப்பட்டுவிட்டது. வீட்டுப் பொறியின் அடிப்பகுதியில் சோப்புத் தண்ணீரே போதும்.

பொறி நிறைந்ததும் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவதில்தான் எல்லாம் கெடுகிறது. அதில் விழுவது ஆண் ஈ மட்டுமே. முட்டையிடும் பெண் ஈ அந்த வாசனைக்கு வருவதில்லை. ஈ வந்துவிட்டது என்று பொறி சொல்லும்; பெருக்கத்தை நிறுத்துவது கீழே கிடக்கும் பழத்தைப் பொறுக்கும் கைதான்.

தினமும் காலையில் பொறுக்க வேண்டும். வாரம் ஒருமுறை என்பது பொறுக்காததற்குச் சமம். விழுந்த பழத்திலிருந்து புழு வெளியேறி, மண்ணில் ஓரிரு அங்குலம் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, வெயில் காலத்தில் பத்து நாள் வாக்கில் ஈயாகப் பறக்கிறது. அதனால் எருக்குழியில் எறிவதும் அரையடி ஆழத்தில் புதைப்பதும் ஈ வளர்ப்பதாகவே முடியும். இரண்டடி ஆழம் வேண்டும். அதைவிட எளிது, கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, ஒரு வாரத்துக்குமேல் நல்ல வெயிலில் கிடத்திவிடுவது. பையில் சிறு ஓட்டைகூட இருக்கக் கூடாது. மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலில் காயும். கோழி இருக்கும் வீட்டில் அதுவே அவற்றைக் கிளறித் தின்றுவிடும்.

கொய்யா எலுமிச்சை அளவு வரும்போதும், பாகல் பிஞ்சு பிடித்த உடனேயும் காகிதப் பை கட்டலாம். புழு இறங்கிய காய்க்கு மருந்து அடிப்பது வீண். உள்ளே இருக்கும் புழுவை அது தொடாது.

ஒரு வீடு மட்டும் செய்தால் பலனில்லை, ஈ சுவர் தாண்டி வரும். கலிபோர்னியாவின் ரெட்லண்ட்ஸ் நகருக்குள் நம் மாவையும் கொய்யாவையும் தாக்கும் கீழ்த்திசைப் பழ ஈ நுழைந்தபோது, 2024 தொடக்கத்தில் 2,000க்கும் மேற்பட்ட வீடுகளின் மரத்துப் பழங்களை அரசே பறித்து அகற்றியது. நம் ஊரில் இது பூர்வீகப் பூச்சி. அடியோடு ஒழிக்க முடியாது, தெரு சேர்ந்தால் அடக்கி வைக்கலாம். பக்கத்து வீட்டில் ஆள் இல்லையென்றால், கேட்டுக்கொண்டு அவர்கள் மரத்தடியையும் சேர்த்துப் பொறுக்கிவிடுங்கள். சந்தேகமான பழத்தை மூடிய டப்பாவில் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.