கணக்கேட்டில் பெயர் தேடும் விதம்

 

கடன் சிறிதாயினும் பெரிதாயினும் அதை எழுதி வைத்துக்கொள்ளுமாறு திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 282-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. மறை முழுவதிலும் மிக நீளமான வசனமும் அதுவே. எழுதுவதில் நம்மவர் குறை வைப்பதில்லை. எழுதியதைத் தேடி எடுக்கும்போதுதான் பிழை நேருகிறது. அத்தகைய பிழை ஒன்று நமக்கே நேர்ந்தது. பிறருக்குப் பயன்படட்டும் என்று அதை மறைக்காமல் கூறுகிறோம்.

நம் கடையின் பற்று வரவை, கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு வரி வீதம், கணினியில் சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்திருக்கிறோம். வாடிக்கைக்காரர் ஒருவர் மௌத்தானார். அவர் பெயரைக் காதர் என்று மாற்றிக் கூறுகிறோம். மகனார் வந்து, "வாப்பாவின் கடன் எவ்வளவு? சொல்லுங்கள், தீர்த்துவிடுகிறேன்" என்றார். "காதர்" என்று கொடுத்துத் தேடினோம். மூன்று பற்று வரிகள் வந்தன. கூட்டினால் 185 வெள்ளி. அவர் அப்போதே எண்ணி வைத்தார். மறுவாரம் ஏட்டை முழுதும் படித்தபோது, "காதரிடமிருந்து வரவு 60" என்றொரு வரி கண்ணில் பட்டது. திடுக்கிட்டோம். வாரிசுகளின் ஹக்கு 60 வெள்ளி நம் பெட்டியில் இருந்தது! அன்றே திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம்.

இனி, தேடும் முறையையும் பிழைக்குக் காரணத்தையும் பார்ப்போம்.

நாம் பயன்படுத்துவது பைத்தான் என்னும் கணினி மொழி. நெதர்லாந்துக்காரரான கீடோ வான் ரோசம் 1991-ல் இதை வெளியிட்டார். இதைக் கணினியில் ஏற்றிக்கொள்ளக் காசு வேண்டியதில்லை. வேண்டிய கட்டளைகள் ஐந்தே வரிகள்:

சொல் = "காதர்"
வித் ஓப்பன்("கடன்.டிஎக்ஸ்டி", என்கோடிங்="யூடிஎஃப்-8") அஸ் ஏடு:
    ஃபார் வரி இன் ஏடு:
        இஃப் சொல் இன் வரி:
            பிரின்ட்(வரி.ஸ்ட்ரிப்())

சொல், ஏடு, வரி ஆகியவை நாமே இட்ட பெயர்கள். பைத்தான் 3 இவற்றைத் தமிழ் எழுத்திலேயே ஏற்கும். கோப்பின் பெயர் நாம் வைத்தபடியே இருக்கட்டும். ஏனைய சொற்களை உச்சரிப்புக்காகவே இங்கே தமிழில் காட்டினோம். கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். வரிகளின் முன்னே விட்ட இடைவெளியும் கட்டளையின் பகுதியே. அதை விட்டால் வேலை நடக்காது.

ஓப்பன் கோப்பைத் திறக்கிறது. யூடிஎஃப்-8 என்பது தமிழ் எழுத்துக்களைச் சரியாகப் படிக்கச் செய்யும் முறை. கோப்பைச் சேமிக்கும்போதும் அதே முறையில் சேமிக்க வேண்டும். வித் என்பது வேலை முடிந்ததும் ஏட்டைத் தானே மூடிவிடும். ஃபார் ஒவ்வொரு வரியாக எடுத்துத் தருகிறது. இஃப் அந்த வரியில் நம் சொல் உண்டா என்று பார்க்கிறது. உண்டென்றால் பிரின்ட் அதைத் திரையில் காட்டுகிறது. வரியின் இறுதியிலுள்ள வரிமுறிப்பை ஸ்ட்ரிப் நீக்குகிறது. இல்லையேல் இடையிடையே வெற்று வரிகள் விழும்.

பிழை எங்கே நேர்ந்தது? கணினிக்கு "ர்" என்பது ஒன்றல்ல, இரண்டு: ர என்ற எழுத்தும் அதன்மேல் புள்ளியும். "காதரிடமிருந்து" என்று எழுதும்போது புள்ளி போய் இகரக் குறி வந்துவிடுகிறது. நம் கண்ணுக்கு அவர் அதே காதர்தான். கணினிக்கோ புள்ளியில்லாத காதர் வேறு ஆள்! ஆகவே புள்ளியை விட்டு "காதர" என்று தேட வேண்டும். அப்போது காதர், காதருக்கு, காதரிடமிருந்து யாவும் வரும். அப்துல் காதரும் கூடவே வருவார். வரட்டும், வேண்டாததைக் கண்ணால் பார்த்துக் கழித்துவிடலாம். வராத வரியை எந்தக் கண்ணாலும் காண முடியாது.

பெயரெழுத்தும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மனிதரை முஹைதீன் என்று நாமும் மொய்தீன் என்று கடைப்பையனும் எழுதினால், ஒன்றைத் தேடும்போது மற்றது வராது. இதற்கு ஒரே வழி, வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் "க017" என்பது போல ஓர் எண் கொடுத்து, வரிதோறும் முதலில் அதை எழுதி, அதையே தேடுவதுதான். எண்களெல்லாம் மூன்றிலக்கமாகவே இருக்கட்டும்.

சகோதரர்களே! திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் கடன் இல்லை என்று பொருளல்ல. நாம் கொடுத்த எழுத்துக்கள் அங்கே இல்லை என்பதே பொருள். கேட்டதை மட்டுமே கணினி தேடும். அமானிதம் அதன் மீதல்ல, நம் மீதே இருக்கிறது. மௌத்தானவர் கணக்கை முடிக்குமுன் ஏட்டை ஒரு முறை முழுதும் படித்துவிடுங்கள்.

கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் பேணுதலையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.