அளவையும் பற்றும்

ஒரு பொருளை உள்ளவாறு அறிதற்குக் கருவியாவது அளவை. அதனைக் காட்சி, அனுமானம், உரை என மூன்றில் அடக்குவர் சித்தாந்த நூலார். ஐயமும் திரிபும் நீங்கியவிடத்தே இம்மூன்றும் உண்மையைத் தருவனவாம். அவ்விரு குற்றங்களுள் திரிபே கொடிது. என்னை? ஐயமுற்றான் பிறரை வினவுவான். திரிபுணர்ந்தானோ தெளிந்துவிட்டதாகக் கருதுதலின் வினவான். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினதாதலால், வெறுப்பைச் சார்ந்த அறிவு வெறுப்பின் நிறத்தையே பொருளினும் காணும். செய்தித்தாள் அதனை வளர்க்குமாயின் விளையுங் கேட்டினைப் பிரான்சு தேயத்து வரலாறொன்றால் ஈண்டு ஆராய்வாம்.

1894-ஆம் ஆண்டில், படைமறைகளை ஜெர்மானியர்க்குத் தருவதாகக் கூறும் கையொப்பமில்லாத கடிதமொன்று, பாரிஸ் நகரத்து ஜெர்மன் தூதரகத்தினின்றும் பிரெஞ்சு உளவுத்துறையார்க்குக் கிடைத்தது. அதனை எழுதினாரென ஆல்பிரெட் டிரைபஸ் என்னும் காப்டன் சிறைப்படுத்தப்பட்டார். அவர் யூதர். யூதர்பால் வெறுப்பு அந்நாட்டார் பலரிடத்து அன்று வேரூன்றியிருந்தது. அவ்வெறுப்பையே தொழிலாகக் கொண்ட லா லிப்ர் பரோல் என்னும் நாளிதழ், விசாரணை தொடங்குமுன்னரே அவரைத் துரோகியென ஊரறியச் செய்தது.

எழுத்தை ஒப்புநோக்கப் பெர்த்தியோன் என்னும் போலீஸ் அறிஞர் அழைக்கப்பட்டார். எழுத்து ஒத்தவிடத்து, ‘இது டிரைபஸ் கை’ என்றார். ஒவ்வாதவிடத்து, ‘அகப்படாதிருத்தற்பொருட்டு அவரே வேண்டுமென்று மாற்றி எழுதினார்’ என்றார். ஏதுவானது விபக்கத்தில் இல்லாதிருத்தல் வேண்டும். புகை நெருப்பைக் காட்டுவது நீர்மடுவில் அஃது இன்மையானன்றோ? ஒற்றுமையும் சான்று, வேற்றுமையும் சான்று எனின், எவனைத்தான் குற்றவாளியாக்கல் இயலாது? இஃது ஏதுப்போலியேயாம். எனினும், முன்னரே துணிந்தார்க்கு இது குற்றமாகத் தோன்றிற்றிலது.

பத்திரிகைகள் பல ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப உரைத்தமையால், மக்கள் சான்றுகள் பலவுளவென மயங்கினர். ஊற்று ஒன்றாயின் நூறு வாய் கூறினும் சான்று ஒன்றேயென்க. மூடிய கதவினுள் நடந்த வழக்கில், எதிர்வாதியார்க்குக் காட்டப்படாத ஆவணங்கள் நீதிபதிகளிடம் மறைவாகக் கொடுக்கப்பட்டன. டிரைபஸ் 1895-இல் கடல் கடந்த பேய்த்தீவிற்கு அனுப்பப்பெற்று, நான்காண்டிற்கு மேலாகத் தனிச்சிறையில் வருந்தினார்.

1896-இல், உளவுத்துறைத் தலைவராகிய பிக்கார், அக்கடிதத்தின் எழுத்து எஸ்தர்ஹாசி என்னும் வேறோர் அதிகாரியினதாதல் கண்டார். பயன் என்னை? பிக்கார் அயலிடத்திற்கு அனுப்பப்பட்டார். எஸ்தர்ஹாசி 1898 ஜனவரியில் விடுதலையெய்தினார். அம்மாதம் 13-ஆம் நாள் எமில் சோலா லோரோர் இதழில் வெளியிட்ட திறந்த கடிதம் நாட்டை உலுக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில், டிரைபஸிற்கு எதிரான முக்கியமானதோர் ஆவணம் ஆன்றி என்னும் அதிகாரி புனைந்ததென வெளிப்பட்டது. ஆன்றி சிறையில் தற்கொலை செய்துகொண்டார். அதன் பின்னராயினும் வெறுத்தோர் தெளிந்தனரோ? இல்லை. ஆன்றி மனைவியின்பொருட்டு லா லிப்ர் பரோல் நிதி திரட்ட, வாசகர் ஒரு லட்சம் பிராங்கிற்கு மேல் ஈந்தனர். 1899-இல் மறுவிசாரணையினும் டிரைபஸ் குற்றவாளியெனப்பட்டு, பின்பு மன்னிப்பால் வெளிவந்தார். அவர் குற்றமற்றவரென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1906-இலேதான்.

செய்தித்தாளே கேட்டிற்குக் காரணமெனின், அற்றன்று. பொய்யைப் பரப்பியதும் பத்திரிகை. உண்மையைப் பறைசாற்றியதும் பத்திரிகை. கொள்வோன் மனத்துள்ள பற்றே ஒன்றைத் தழுவி மற்றொன்றைத் தள்ளியது.

பற்றுடையார் உண்மை காண்டல் இயலாதெனின், அதுவும் பொருந்தாது. பிக்காரும் யூதவெறுப்பினின்று நீங்கியவரல்லர் என்பர் வரலாற்றாசிரியர். ஆயினும் எழுத்தைக் கண்டவிடத்துத் தம் விருப்பத்தை ஒதுக்கி, கண்டதையே கண்டதாகக் கொண்டார். அதன்பொருட்டுச் சிறையும் புகுந்தார்.

இந்நாளிற் கைப்பேசிவழிச் செய்திகள் நொடிப்பொழுதிற் பரவுதலின், ஆராய்ச்சி முன்னினும் வேண்டப்படுவதாயிற்று. ஒரு செய்தி நம் உள்ளத்திற்கு உவப்பாயின், உடனே மூன்று வினவுக: இதன் ஊற்று யாது? கூறுவோர் பலரும் தனித்தனி அறிந்தவரோ, ஒருவரைக் கேட்டுரைப்பவரோ? எத்தகைய சான்று வரின் இக்கருத்தைக் கைவிடுவேன்? மூன்றாவதற்கு விடை இல்லையாயின், நாம் கொண்டது அறிவன்று, பற்றேயென்று தெளிக.