சல்லடைக்குக் கீழே விழுந்தவை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பௌத்தத்தை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாய் என்று அறிந்ததில் மாமாவுக்கு ரொம்பச் சந்தோஷம். கூடவே நீ அனுப்பிய புத்தகப் பட்டியலையும் பார்த்தேன். பாலி இருக்கிறது, சமஸ்கிருதம் இருக்கிறது, திபெத் இருக்கிறது. தமிழ் மட்டும் இல்லை. அதனால்தான் கடையைச் சாத்திய கையோடு இதை எழுதுகிறேன்.

போடியில் பிறந்த உனக்கு ஏலக்காய் சலிப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 8 எம்.எம். சல்லடையில் நிற்பதற்கு ஒரு விலை, கீழே விழுவதற்கு வேறு விலை. இரண்டும் ஒரே செடியில் காய்த்தவைதான். பௌத்தப் படிப்புக்கும் ஒரு சல்லடை உண்டு. நேபாளத்திலிருந்து வந்த சமஸ்கிருதச் சுவடிகளைக் கொண்டு பாரிஸில் பர்னூஃப் 1844இல் இந்திய பௌத்த வரலாற்றை எழுதினார். இலங்கையில் அரசுப் பணியில் இருந்து திரும்பிய ரைஸ் டேவிட்ஸ் 1881இல் லண்டனில் பாலி நூல் சங்கத்தைத் தொடங்கினார். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஏட்டில் இருப்பதே அசல் பௌத்தம், சனங்கள் கும்பிட்டது கலப்படம் என்று பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்து ஊன்றிவிட்டது. கிரிகரி ஷோபன் 1991இல் எழுதிய கட்டுரை இதைத்தான் கேள்வி கேட்டது. பிக்குகள் பொருள் வைத்திருந்ததையும், தாங்களே தானம் கொடுத்துச் சிலை வைத்ததையும் கல்வெட்டு சொல்லும்போது, ஏட்டை மட்டும் ஏன் நம்புகிறோம் என்றார். முதலில் அதைப் படி.

அடுத்து மணிமேகலை. உ.வே.சா. அதைப் பதிப்பித்தது 1898இல். அதிலுள்ள பௌத்தச் சொற்கள் விளங்காமல் அவர் திகைத்தபோது, கும்பகோணம் கல்லூரியில் உடனிருந்த மளூர் ரங்காசாரியார் ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து விளக்கினார். நம் காப்பியம் நமக்கே விளங்க அத்தனை தூரம் சுற்றிவர வேண்டியிருந்தது! பௌத்தத் தத்துவம் தேடுகிறவர்கள் அதன் கடைசிக் காதைகளில் வரும் அளவை விளக்கத்துக்கே நேராகப் போய்விடுகிறார்கள். அமுதசுரபியும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதும் வெறும் கதையென்று சல்லடைக்குக் கீழே விழுந்துவிடுகின்றன. பசித்தவனுக்குச் சோறிடுவதை அறத்தின் உச்சியில் வைத்த பௌத்தம் ஒன்று தமிழில் இருந்திருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய தத்துவமாகப் படுகிறது.

அதே 1898இல் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நடத்தினார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களே பூர்வ பௌத்தர்கள் என்றார். பண்டிகைக்கும் பழஞ்சொல்லுக்கும் பௌத்தப் பொருள் சொன்னார். அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வெளிவந்த பிறகுதான் பல்கலைக்கழகங்கள் அவர் பக்கம் நன்றாகத் திரும்பின. அவருடைய சொல்லாராய்ச்சி அத்தனையையும் நீ ஒப்ப வேண்டாம். ஆனால் பௌத்தத்தைப் பற்றிய குறிப்பாக மட்டும் அவரை வைத்துவிடாதே. அவரே ஒரு பௌத்த ஆசிரியர்.

சேலத்துத் தலைவெட்டி முனியப்பன் கோயில் கேள்விப்பட்டிருப்பாய். தொல்லியல் துறை சிலையை ஆராய்ந்து, அது தியானத்தில் அமர்ந்த புத்தர் என்றது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் ஆய்வாளருக்கு வேலை அங்கே முடியாது. அதை முனியப்பனாக நினைத்துக் கும்பிட்டவர்கள் என்ன வேண்டிக்கொண்டார்கள், எதைப் படைத்தார்கள், முனியப்பன் என்ற பெயர் போனபின் அவர்களுக்கு என்ன ஆயிற்று? பௌத்தம் மறைந்த பிறகும் அந்தக் கல்லுக்கு விளக்கேற்றியவர்கள் அவர்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்காமல் எழுதும் வரலாறு பாதி வரலாறு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உட்கார்ந்த சிலையெல்லாம் புத்தர் ஆகிவிடாது. நம் உத்தமபாளையம் பாறையில் இருப்பவர்கள் சமணத் தீர்த்தங்கரர்கள். உடம்பில் துணி இருக்காது, தலைக்கு மேல் முக்குடை இருக்கும். புத்தருக்குச் சீவர மடிப்பு தெரியும். நாகப்பட்டினத்து வெண்கலங்களில் தலையுச்சியில் தீச்சுடரும் இருக்கும். இதைப் படத்தில் பார்த்துப் பழகினால் போதாது.

பொங்கலுக்கு ரயிலில் வந்துவிடு. மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் உத்தமபாளையம் போவோம். அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டை நான் காட்டுகிறேன். அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் கிழவிகள் இருப்பார்கள். பாறை ஏறுமுன் அவர்களிடம் பேச்சுக் கொடு. அந்த உருவங்களை அவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு, அதையே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்.

அன்புடன்,
மாமா
போடிநாயக்கனூர்