ஒர்க்‌ஷாப் சொல்வது சரியா? ரகசிய வாடிக்கையாளர்களிடமிருந்து ஒரு பாடம்

பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம் வருகிறது. காரை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறீர்கள். மதியம் போன் வருகிறது. "சார், பிரேக் பேட் மட்டும் இல்ல, டிஸ்க்கும் போச்சு. சஸ்பென்ஷன்லயும் வேலை இருக்கு. பண்ணிடலாமா?" நமக்கென்ன தெரியும்? "சரி, பண்ணிடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். கழற்றிப் போட்ட பாகம் உண்மையிலேயே தேய்ந்திருந்ததா என்பது கடைசிவரை நமக்குத் தெரியாது.

வேலை செய்பவருக்குத் தெரியும். பணம் கொடுப்பவருக்குத் தெரியாது. கார் சர்வீஸில் வரும் பெரும்பாலான சிக்கல்களுக்கு இந்த இடைவெளிதான் காரணம். இதைச் சோதித்துப் பார்க்கும் ஒரு வழிக்குப் பெயர்தான் ‘மிஸ்டரி ஷாப்பிங்’. ரகசிய வாடிக்கையாளர் ஒருவர் உங்களையும் என்னையும் போலவே காரை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போவார். ஒரே ஒரு வித்தியாசம்: காரில் எது பழுது, எது நன்றாக இருக்கிறது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

கலிபோர்னியாவில் நடந்த சோதனை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், வாகனப் பழுதுபார்ப்புக் கடைகளைக் கண்காணிக்கவே 1972 முதல் தனி அரசு அமைப்பு இயங்குகிறது. ‘சியர்ஸ்’ என்ற பெரிய வணிக நிறுவனம் நடத்திவந்த கார் சர்வீஸ் மையங்களைப் பற்றிப் புகார்கள் அதிகரித்ததால், அந்த அமைப்பு ரகசியச் சோதனையில் இறங்கியது.

அதிகாரிகள் பழைய கார்கள் சிலவற்றைத் தயார் செய்தார்கள். பிரேக் பேட் தேய்ந்திருக்கும். மற்றபடி பிரேக்கும் சஸ்பென்ஷனும் நல்ல நிலையில் இருக்கும். பாகங்களின் நிலையைப் பதிவு செய்துகொண்ட பிறகு, சாதாரண வாடிக்கையாளர் போலக் காரைக் கொண்டுபோய் விட்டார்கள். 27 மையங்களில் 38 முறை இப்படிச் சோதித்ததில், 34 முறை தேவையில்லாத வேலைகள் செய்யப்பட்டிருந்தன. சராசரியாக 200 டாலருக்கு மேல் கூடுதலாக வாங்கியிருந்தார்கள். 1992 ஜூன் மாதம் மாநில அரசு இதை வெளியிட்டு, உரிமத்தை ரத்து செய்யும் நடவடிக்கையைத் தொடங்கியது. ஏமாற்றும் நோக்கம் தங்களுக்கு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. ஆனாலும் சமரசத்துக்கு வந்து, வாடிக்கையாளர்களுக்கு 50 டாலர் கூப்பன்கள் வழங்க ஒப்புக்கொண்டது.

அங்கே வேலை செய்தவர்கள் எல்லாருமே கெட்டவர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வாடிக்கையாளரிடம் பேசும் சர்வீஸ் அட்வைசர்களுக்கு, ஒரு ஷிஃப்டில் இத்தனை ஸ்பிரிங், இத்தனை ஷாக் அப்சார்பர், இத்தனை பிரேக் வேலை பிடிக்க வேண்டும் என்று நிறுவனம் இலக்கு வைத்திருந்தது. விற்பனைக்கு ஏற்பக் கமிஷனும் கொடுத்தது. இலக்கை முடிக்க வேண்டியவர் கண்ணுக்கு நல்ல ஸ்பிரிங்கும் பழுதாகத்தான் தெரியும். பிரச்சினை வெளியான பிறகு நிறுவனம் அந்தக் கமிஷனையும் இலக்கையும் நிறுத்தியது. தன் மையங்களுக்குத் தானே முன்னறிவிப்பில்லாமல் ரகசிய வாடிக்கையாளர்களை அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தது. சோதனையில் மாட்டிக்கொண்ட நிறுவனமே பிறகு அதே முறையைக் கையில் எடுத்தது!

ஷோரூமிலும் இதே கதை

பழுதுபார்க்கும் இடத்தில் மட்டும் அல்ல, கார் விற்கும் இடத்திலும் இந்த முறை பயன்பட்டிருக்கிறது. சிகாகோ நகரின் கார் டீலர்களிடம் ஆய்வாளர் இயான் அயர்ஸ் இப்படி ஒரு சோதனை நடத்தி, முடிவை 1991-இல் வெளியிட்டார். ஆண்கள், பெண்கள், வெள்ளையர், கறுப்பினத்தவர் எனப் பலரை அனுப்பினார். எல்லாரும் ஒரே மாதிரி பேசி, ஒரே மாதிரி பேரம் பேசப் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் வெள்ளை ஆண்களுக்குக் கிடைத்த விலை மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. கறுப்பினப் பெண்களிடம்தான் மிக அதிக லாபம் கேட்கப்பட்டது. தனியாகப் போய் விலை கேட்கும் ஒருவருக்கு இது தெரியவே தெரியாது. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நம்மால் அதிகாரி போலக் காரைத் தயார் செய்து அனுப்ப முடியாதுதான். ஆனால் ரகசிய வாடிக்கையாளரின் பலம் வேஷத்தில் இல்லை. முன்கூட்டியே பதிவு செய்வதிலும், ஒப்பிட்டுப் பார்ப்பதிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் உங்கள் கையிலுள்ள போனே போதும்.

1. விடும் முன் படம் எடுங்கள். காரின் நான்கு பக்கம், கிலோமீட்டர் மீட்டர், பெட்ரோல் அளவு, பேட்டரியின் வரிசை எண், டயர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. புது டயர் போட்டதாகச் சொன்னால் இந்த எண்ணைப் பாருங்கள்.

2. குறையை மட்டும் சொல்லுங்கள், தீர்வைச் சொல்லாதீர்கள். "பிரேக் பிடிச்சா சத்தம் வருது" என்றால் போதும். "பேட் மாத்தணும்" என்று நீங்களே சொன்னால், சோதிக்காமலேயே மாற்றிவிட வாய்ப்பு உண்டு.

3. மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். ஜாப் கார்டில் என்ன வேலை, எவ்வளவு செலவு என்று இருக்கட்டும். "கூடுதல் வேலை வந்தா வாட்ஸ்அப்ல போட்டோவோட அனுப்புங்க, நான் சரின்னு சொன்னப்புறம் பண்ணுங்க" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

4. பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வண்டியை விடும்போதே "மாத்துற பார்ட்ஸை எடுத்து வைங்க" என்று சொன்னால், தேவையில்லாமல் மாற்றுவது பெரும்பாலும் குறைந்துவிடும். கலிபோர்னியாவில் இப்படிக் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் சட்டபூர்வ உரிமை.

5. பெரிய செலவு என்றால் இரண்டாவது இடத்தில் காட்டுங்கள். முதல் இடத்தில் சொன்னதை அங்கே சொல்லாதீர்கள். இரண்டு பேரும் ஒரே பழுதைச் சொன்னால் மனம் நிம்மதியாக வேலையைக் கொடுக்கலாம். புதுக் கார் வாங்கும்போதும் இரண்டு மூன்று டீலர்களிடம், அதே மாடலுக்கு, எல்லாக் கட்டணங்களும் சேர்த்த விலையை எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள்.

இதையெல்லாம் சந்தேகப் புத்தியோடு செய்ய வேண்டாம். சிரித்த முகத்தோடு கேட்டாலே போதும். நேர்மையான மெக்கானிக் இப்படிக் கேட்பவரை வரவேற்பார். கழற்றிய பாகத்தை அவரே கையில் எடுத்து எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டுவார். அப்படி ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

தவறு நடந்துவிட்டால்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, செய்த வேலைக்குப் பில் தராமல் இருப்பதும், பழைய பாகத்தைப் புதியது என்று சொல்லி விற்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள். முதலில் ஒர்க்‌ஷாப் மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தீர்வு இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதன் பிறகும் தீரவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனு போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

அங்கே உங்களுக்காகப் பேசப்போவது நீங்கள் எடுத்த படங்களும், ஜாப் கார்டும், வாட்ஸ்அப் செய்திகளும், பில்லும்தான். அவற்றைப் போனில் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விடும் முன் முதல் படத்தை எடுத்துவிடுங்கள்.