அளந்து வைத்த கடல்

பாலாற்றங்கரையில் அமைந்த வாலாஜாபேட்டைக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு உண்டு. அலையோசை கேளாத இவ்வூரில், என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் தன் வீட்டுக் கூடத்தில் கடலையே குடியேற்ற விரும்பினான். 40 லிட்டர் நீர் நிற்கும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கினான், உப்பைக் கரைத்தான், அன்றே ஆறு வண்ண மீன்களை அதில் விட்டான். நாள்தோறும் மும்முறை உணவிட்டான். நான்காம் நாள் காலையில் ஆறும் மிதந்தன. “ஐயா, நான் பட்டினி போடவில்லையே! ஏன் இறந்தன?” என்று கண் கலங்கி வினவினான்.

மாணவர்களே, அவ்வினாவிற்கு விடை காண்போம்.

மீனின் கழிவும், அது தின்னாது விட்ட உணவும் நீரில் அம்மோனியா என்னும் நஞ்சைத் தோற்றுவிக்கின்றன. ஒரு வகைப் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகையின நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னைய இரண்டும் கொடிய நஞ்சுகள். இறுதியிலுள்ளதோ தீமை குறைந்தது. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். அம்மாணவன் ஒரு நாளும் பொறுத்தானில்லை. பதறாத காரியம் சிதறாது என்பதை அவன் மறந்தான்.

இனித் தொட்டியின் அளவை நோக்குவோம். 3 அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உடைய தொட்டியில், கல்லும் மணலும் நீங்க 160 லிட்டர் நீர் நிற்கும் எனக் கொள்வோம். ஒரே அளவான கழிவு இரு தொட்டிகளிலும் சேருமாயின், சிறியதில் நஞ்சின் செறிவு நான்கு மடங்காகும் அன்றோ? கோடையின் வெப்பமும் சிறு நீரையே விரைந்து தாக்கும். மேலும், உவர்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான உயிர்க்காற்றையே தன்னுள் கொள்ளும்; வெப்பம் ஏற ஏற அதுவும் குறையும். ஆதலின், புதிதாகத் தொடங்குவோர்க்குச் சிறு தொட்டியே எளிது என்பது பிழையான எண்ணம். பெரிய தொட்டியே பிழை பொறுக்கும்.

கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உடையது. எனவே 160 லிட்டருக்கு 5.6 கிலோ வேண்டும். சமையல் உப்பு மட்டும் போதாது. மக்னீசியம், கால்சியம் முதலியனவும் கலந்த கடலுப்பே தேவை. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆதலால் குறைந்த அளவிற்கு நன்னீரையே ஊற்றுதல் வேண்டும்.

மீன்களைத் தெரிவதிலும் அறிவு வேண்டும். கடையில் விரலளவாய்த் தோன்றும் நீல டாங் மீன் ஓரடி நீளம் வளரக்கூடியது. அஃது இத்தொட்டிக்கு ஆகாது. கோமாளி மீனோ சிறியது. 1947ஆம் ஆண்டு தோன்றி, இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார், இம்மீனைத் தொட்டியிலேயே இனம்பெருக்கிக் காட்டியுள்ளனர். அவ்வாறு பிறந்த மீன்களை வாங்கினால் கடலின் செல்வம் குறையாது. கடற்குதிரையும் பவளமும் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றைக் கடலினின்று எடுத்தல் குற்றமாகும்.

முதலில் குடியேறும் மீன் தொட்டி முழுவதும் தனதே எனக் கருதும். ஆகவே சாதுவானவற்றை முன்னும், முரடானவற்றைப் பின்னும், சில வாரங்கள் இடைவிட்டு ஒவ்வொன்றாக விடுதல் நன்று. நான்கைந்து சிறு மீன்களே இத்தொட்டிக்குப் போதும்.

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது பழமொழி. இதன் உண்மையை நம் பாலாறே உணர்த்தியது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழில் பல்லாயிரவர்க்குச் சோறிடுகிறது. ஆயினும் அதன் கழிவு, ஆறு தாங்கும் அளவைக் கடந்தபோது கிணற்று நீரும் கெட்டது. நீரைக் கெடுத்தவரே அதனைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஆற்றிற்கே அளவு உண்டெனின், கண்ணாடித் தொட்டிக்குக் கூறவும் வேண்டுமோ?

அம்மாணவன் மீண்டும் முயன்றான். இம்முறை பெரிய தொட்டியில் நீரை நிரப்பி, ஆறு வாரம் மீனின்றிக் காத்திருந்தான். அதனைக் கண்டு நகைத்தாரும் உளர். இன்று அவன் தொட்டியில் நான்கு மீன்களே உள்ளன. நான்கும் நலமாக நீந்துகின்றன.