வெள்ளம் வடிந்த ஓவியக்கூடத்தில் முதல் வேலை எது?

வெள்ளம் வடிந்ததும் எல்லார் கையும் முதலில் தேடுவது துடைப்பத்தைத்தான். ஓவியர், புகைப்படக்காரர், புத்தக வடிவமைப்பாளர் வேலை செய்யும் அறையில் இந்த வரிசை தவறு. தரை இன்னும் இரண்டு நாள் சேற்றோடு கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. நனைந்த தாளும் போட்டோவும் அவ்வளவு நேரம் தாங்காது. டிசம்பர் மாத ஈரக்காற்றில் 48 மணி நேரத்துக்குள் அவற்றில் பூஞ்சணம் பூத்துவிடும்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைமீறியபோது சென்னைப் பதிப்பகங்கள் பலவற்றின் கிடங்குகளில் புத்தகங்கள் கட்டுக்கட்டாக ஊறிப்போயின. அடுத்த ஜனவரியில் நடந்திருக்க வேண்டிய புத்தகக் காட்சி ஜூனுக்குத் தள்ளிப்போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் மூழ்கடித்தது. இரண்டு வாரம் கழித்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தரைத்தளத்தில் வேலைக்கூடம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் இதற்குத் தயாராகத்தான் இருக்க வேண்டும்.

உள்ளே போகுமுன் மெயின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். சுவிட்ச் பெட்டிக்குப் போகும் வழியில் தண்ணீர் நின்றால் நீங்கள் தொடாதீர்கள், எலெக்ட்ரீஷியன் வரட்டும். கையுறையும் கம்பூட்டும் கட்டாயம். வெள்ளநீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும், காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் தொற்றலாம். டர்பன்டைன், தின்னர் டப்பாக்கள் கவிழ்ந்து கிடக்கும் அறையில் ஈர வாடை போகட்டும் என்று சாம்பிராணி போடவே கூடாது. ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, எதையும் நகர்த்துவதற்கு முன் அறை முழுவதையும் செல்போனில் படம் எடுங்கள். காப்பீட்டுக்கும் நிவாரண மனுவுக்கும் அதுதான் சாட்சி.

இனி தாள். ஈரத் தாளை ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் கிழிந்து கையோடு வரும். அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைச் செருகி, அதோடு சேர்த்துத் தூக்க வேண்டும். மை ஓவியத்தையும் நீர்வண்ணத்தையும் ஒற்றக்கூடாது, நிறம் பரவிவிடும். மற்றத் தாள்களுக்கு இடையே அச்சடிக்காத வெள்ளைத் தாளை வைத்து, அது ஊறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். பழைய செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஒட்டிக்கொள்ளும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அச்சான புத்தகங்களுக்குத்தான் அவசரம் அதிகம். ஈரம் காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி முழுக் கட்டை ஆகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் காயவைக்க முடியாதென்றால், பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம்.

ஸ்டுடியோவில் கழுவிய பழைய போட்டோக்களின் சேற்றைக் குளிர்ந்த நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, படத்தின் முகத்தில் விரல் படாமல், கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். இங்க்ஜெட் பிரிண்டுகளை மட்டும் அலச வேண்டாம், சாயம் கரைந்துவிடும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே இருக்கட்டும்.

கேன்வாஸ் விஷயத்தில் பொறுமைதான் மருந்து. மரச்சட்டத்திலிருந்து கழற்றாமல், வண்ணப் பக்கம் மேலே இருக்கும்படி நான்கு செங்கல்மேல் கிடத்தி, நிழலில் காற்றாட விடுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் துணி இறுகி வண்ணம் வெடித்து உதிரும். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ நதி இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்குள் புகுந்தபோது, சாந்தா குரோச்சே தேவாலயத்தில் இருந்த சிமாபுவேயின் சிலுவை ஓவியம் தன் வண்ணத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தை இழந்தது. சேற்றில் உதிர்ந்த செதில்களைத் தேடித்தேடிச் சேகரித்தார்கள். உங்கள் படத்திலிருந்து உதிர்ந்த செதில்களையும் துடைத்து எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு, எந்தப் படம் என்று எழுதி வையுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே தொடங்கிய பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. விலைமதிப்பில்லாத படைப்பென்றால் அங்கே ஆலோசனை கேட்டுப் பார்க்கலாம்.

காஞ்சிபுரத்துக் குழித்தறிக்காரர்களுக்கு மழை மாதங்களில் இன்னொரு கஷ்டம்: கால் வைக்கும் குழியிலேயே ஊற்றெடுக்கும். குழியை இறைத்துவிட்டால் மட்டும் போதாது. நெசவு வடிவத்துக்கான துளையிட்ட ஜக்கார்டு அட்டைகளை முதலில் கழற்றித் தட்டையாக உலர்த்த வேண்டும், தறி மரத்தை வெயில் படாமல் ஆறவிட வேண்டும். அவசரமாகக் காய்ந்த மரம் கோணிக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் வேலை செய்கிறதா என்று ஒருமுறை ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நனைந்த ஹார்ட் டிஸ்க்கைத் திறக்காமல், ஹேர் டிரையர் காட்டாமல், பையில் போட்டு மூடித் தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பது வீண்.

இதெல்லாம் முடிந்த பிறகு தரைக்கு வரலாம். சேற்றை வழித்தெடுத்து, நல்ல தண்ணீரால் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள். அதோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. கெட்டுப்போன வண்ணத்தையும் தின்னரையும் சாக்கடையில் ஊற்றாமல், டப்பாவில் மூடி, குப்பை எடுக்க வருபவர்களிடம் தனியாக ஒப்படையுங்கள்.

டிசம்பர் முடியும்வரை மழை ஓய்ந்ததாகச் சொல்ல முடியாது. காய்ந்த படைப்புகளை மறுபடியும் அடி இழுப்பறையில் அடுக்காதீர்கள். போன தண்ணீரின் கறை சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு ஓரடி மேலாவது ஒரு பலகை அடித்து, இந்த வாரமே அங்கே ஏற்றிவிடுங்கள்.